கோடு போடாத சதுரம்

குடும்பங்களின் நோய் விவரம் எடுக்கிற நம் வேலையில் சர்க்கரையைப் பற்றிக் கேட்டால் கதவு திறக்கும். மனதைப் பற்றிக் கேட்டால் சாத்திக்கொள்ளும். எல்லா ஊரிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. நான் மதுரையைத் தாண்டி வேலை பார்த்தவள் இல்லை.

“வீட்டில் யாருக்காவது சுகர் உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். “யாருக்கு இல்லைன்னு கேளுங்கம்மா, சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றார் சிம்மக்கல்லில் ஒரு மொத்தக்கடைக்காரர். “எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போன சொத்து இது ஒண்ணுதான். அதுலயும் என் தம்பி பங்குக்கு வந்துட்டான்” என்று சிரித்த ஒரு பஸ் கண்டக்டரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அதே மனிதர்களிடம், “மனசு சரியில்லாமல் யாராவது இருந்தார்களா?” என்று கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் மெதுவாக வரும்: “கொஞ்சம் யோசனை ஜாஸ்தி.” “ரோசக்காரரு.” “நரம்புத் தளர்ச்சி.” “தனியாப் பேசுவாரு, மத்தபடி தங்கமான மனுசன்.” இப்படிப்பட்ட பேச்சுகளை நான் ஆசையாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தேடுவதுதான் உங்கள் வேலை.

நீங்கள் மரபணுவைப் பாடமாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் ஐஸ் பெட்டியில் ரத்த மாதிரிக் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்குள் வந்தவள். வம்சாவளிப் படம் போடுவதை ஓரமாக நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு. சர்க்கரை இருந்தால் ஒரு பாதியை நிரப்ப வேண்டும், மனநோய் இருந்தால் மறு பாதியை. இந்த இரண்டு நோயும் சில குடும்பங்களில் சேர்ந்தே இறங்கி வருகின்றனவா, ரத்தத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தப் படங்கள்.

எங்கள் பெரிய டாக்டரம்மா மனநல மருத்துவர். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் எங்களுக்குச் சொன்னது இது: “ரெண்டும் ஒரே பஸ்ல ஏறி வர்றது நெசம்தான். அதுக்காக ஒண்ணுதான் இன்னொண்ணுக்கு டிக்கெட் எடுத்துச்சுன்னு உடனே எழுதிறாதீங்க.” மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சிலவும் எடையை ஏற்றும், சர்க்கரையை ஏற்றும். பரம்பரையும் உண்டு, மாத்திரையும் உண்டு, சாப்பாடும் உண்டு. எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம் என்பார்.

அந்தக் கஷ்டம் ஒரு குடும்பத்தில் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை மூன்று பேர் வந்தார்கள். பஞ்சவர்ணம் என்ற அம்மா, அவர் மகன் முத்துக்குமார், பஞ்சவர்ணத்தின் மூத்த அண்ணன் கருப்பையா. சொந்த ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு சிற்றூர். அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். முத்துக்குமார் தலையெடுத்து ஒத்தக்கடையில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர் ஆனான், அங்கேயே வீடும் கட்டினான். கருப்பையா மட்டும் ஊரைவிட்டு வரவில்லை. “தனியாக் கெடந்து சமைச்சுத் திங்கிறாரு தாயி. வாண்ணேன்னா வர மாட்டாரு. அந்த வீட்டுல என்ன புதையலா இருக்கு?” என்று அந்த அம்மா வந்ததும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பெரியவர் காதில் விழாததுபோல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துக்குமாருக்குச் சில வருடங்களாகக் காதில் குரல் கேட்கும். மாத்திரையால் அது அடங்கி, ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாத்திரைகளை அவர்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார்கள். டப்பாவின் மேல் அவனே கடையில் அச்சடித்த ஸ்டிக்கர் இருந்தது, பூ பார்டரெல்லாம் போட்டு: ‘சுகர் மாத்திரை’. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் அந்த அம்மா கூசாமல் சொல்வாராம், “பாவம், இந்த வயசுலயே சுகரு” என்று. பொய் சொல்லக்கூட நம் ஊரில் சர்க்கரைதான் வசதி.

பிறகு அவனுக்கு உண்மையிலேயே சர்க்கரை வந்துவிட்டது. வந்ததும் அந்த அம்மா மனநோய் மாத்திரையை நிறுத்திவிட்டார். சர்க்கரைக்குக் கொடுத்ததை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். பையன் தூக்கத்தை விட்டிருந்தான். “பேனர்ல இருக்குறவங்க எல்லாம் என்னையவே பாக்குறாங்க மேடம்” என்றான் என்னிடம், ஏதோ ரகசியம் சொல்வதுபோல. முன்பு ஒரு தடவை மாத்திரையை விட்டபோது யானைமலையைத் தாண்டி மேலூர் ரோட்டில் நடந்துகொண்டே இருந்தவனை, யாரோ தெரிந்தவர் பார்த்துக் கூட்டி வந்திருக்கிறார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “மாத்திரை சர்க்கரையை ஏத்தியிருக்கலாம், நான் இல்லைன்னு சொல்லல. வேற மாத்திரைக்கு மாத்துவோம். சர்க்கரைக்கும் பாப்போம். ஆனா நிப்பாட்டக் கூடாது.”

வந்ததிலிருந்து உட்காராத கருப்பையா நின்றபடியே பதில் சொன்னார். “வெயில்ல வெந்த ஒடம்பு எங்களுக்கு. சக்கரையெல்லாம் ஏசியில ஒக்காந்திருக்கவனுக்கு வாரது. எங்க வம்சத்துல சக்கரையும் கெடையாது, கிறுக்கும் கெடையாது. எல்லாம் மாத்திரை பண்ண வேல. நிப்பாட்டியாச்சு, நிப்பாட்டுனதுதான்.”

அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்படித் தலையாட்டுகிறவர்கள் திரும்ப வர மாட்டார்கள். டாக்டரம்மாவுக்கும் அது தெரியும். குடும்ப விவரம் எடுக்க அவர்களை என் மேசைக்கு அனுப்பும்போது என்னைப் பார்த்து, “அவசரப்படாம எழுதுங்க” என்றார். மத்தியானப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பெரியவர் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

படம் போட ஆரம்பித்தேன். பதில் எல்லாம் கருப்பையாதான். அப்பா, அம்மா, அவர் ஒரு சதுரம், கடைசியாகப் பஞ்சவர்ணத்துக்கு வட்டம். “கூடப் பிறந்தவர்கள் இரண்டே பேர்தானா?” என்றேன்.

“நடுவுல ஒருத்தன் இருந்தான், சோலமலைன்னு. வெளியூர்ல வேலைக்குப் போன எடத்துல செத்துட்டான். கோட்டப் போட்டுட்டு அடுத்ததக் கேளுங்க.”

சதுரத்தைப் போட்டேன். பேனா கோட்டுக்குப் போகும்போது பஞ்சவர்ணம் என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, பேனா முனையைத்தான் பார்த்தார்.

இறந்தவர்களைப் பற்றி நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். நம் ஜனங்களுக்கு இறந்த வருடம் நினைவிருக்காது, படையல் போடுகிற மாதம் மட்டும் மறக்காது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் வயது, நோய் எல்லாம் வரும். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: “அவருக்கு எந்த மாசம் படையல் போடுவீங்க?”

“தை... இல்ல, ஆடி” என்றார் கருப்பையா.

முத்துக்குமார் சட்டென்று சிரித்தான். “என்ன மாமா, அவருக்கு எங்க போட்டோம்? ஆடி அமாவாசைக்கு அம்மா ஆறு எலைதான் போடும். சின்ன மாமாவுக்கு ஏன் எலை இல்லன்னு சின்னப்புள்ளையில கேட்டேன். அகப்பையாலயே ஒண்ணு வச்சுச்சு.”

“மாப்ள, நீ கொஞ்சம் வாய மூடுறியா?” என்றார் பெரியவர். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

பிள்ளைகளா, இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். கேள்வி நாக்கின் நுனிக்கு வந்துவிடும். ‘அப்படியென்றால் அவர் இறக்கவில்லையா?’ அதைக் கேட்டிருந்தால் பெரியவர் கிளம்பியிருப்பார், பின்னாலேயே தங்கையும் எழுந்திருப்பார், பையனும் போயிருப்பான். கேட்காமல் விட்டாலும் பஸ் வந்துவிடும். நான் பேனாவை மூடினேன். “அண்ணே, தம்பிக்கு ரத்தம் எடுக்கணும், நீங்க கூட நில்லுங்க, உங்க பேச்சத்தான் கேக்குறான். எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு. அம்மா, வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவோம்” என்றேன்.

வாசலுக்கு எதிரே டீக்கடை. நான் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு தாடிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து நடக்கும்வரை பார்த்தார்.

“இல்ல” என்றார், தனக்குத்தானே. பிறகு என்னிடம், “எங்க போனாலும் இப்படித்தான் தாயி. தாடியப் பாத்தாப் போதும். இடது புருவத்துல வெட்டு இருக்கான்னு பாப்பேன். கருதறுக்கும்போது பட்ட வெட்டு” என்றார்.

அப்புறம் அவரே சொன்னார்.

“சின்னண்ணே செத்துப் போகல. ராத்திரி பகலாப் பேசிக்கிட்டே இருக்கும். வயல்ல நிக்கும், யாரோ கூப்புடுறாங்கன்னு ஓடும். ஒரு நா மத்தியானம், சோறு போடுன்னுச்சு. நான் வட்டில எடுத்துட்டு வாரேன், ஆளக் காணோம். திருமங்கலத்துல பஸ் ஏறுனத ஒருத்தர் பாத்திருக்காரு. எந்தப் பஸ்ஸுன்னு தெரியல. பெரியண்ணே தேடாத எடமில்ல. அதுக்குள்ள என்னையப் பொண்ணு பாக்க வந்தாங்க. கிறுக்குப் பிடிச்ச வீடுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? செத்துப் போச்சுன்னு சொல்லித் தல முழுகுனோம். நானும் அழுதேன். நெசமாத்தான் அழுதேன். ஆனா எலை மட்டும் போட மாட்டேன் தாயி. உசிரோட இருக்கவனுக்கு எப்படி எலை போட?”

டீ ஆறிக்கொண்டிருந்தது.

“நான் வாழ்க்கையில ரெண்டு பொய் சொன்னேன். அண்ணே செத்துப் போச்சுன்னு ஒண்ணு. மகனுக்குச் சுகருன்னு ஒண்ணு. ரெண்டாவது பொய் நெசமாயிருச்சுல்ல? எம் வாய்தான் வர வச்சிருச்சு. அப்ப மொதப் பொய்யும்...”

முடிக்கவில்லை. மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மகனின் சர்க்கரை அவர் வாயால் வந்தது என்றால் அண்ணனும் அவர் வாயால் செத்திருக்க வேண்டும். சர்க்கரையை மாத்திரையின் மேல் போட்டுவிட்டால் அண்ணன் எங்கேயோ உயிரோடு இருக்கலாம். அந்த அம்மா மகனின் மாத்திரையை நிறுத்தி அண்ணனின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மகனோ மறுபடியும் மேலூர் ரோட்டுக்குப் போகத் தயாராக இருந்தான்.

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. நான் கேட்டதெல்லாம், “அண்ணன் உடம்பு எப்படிம்மா, நல்ல உடம்பா?” என்பதுதான்.

“இரும்பாட்டம் இருந்துச்சு. கடைசியில இளைச்சிருச்சு. எம்புட்டுத் தண்ணி வச்சாலும் குடிச்சிரும். மூச்சுக்கு முந்நூறு தடவை ஒண்ணுக்குப் போகும். அது போன எடத்துல எறும்பு மொய்க்கும் தாயி. கட்டெறும்பு வரிசை கட்டி வரும். நாங்க கேலி பண்ணுவோம், சின்னண்ணே சீனி மூட்டைய முழுங்கிருச்சுன்னு.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த மனிதர் ஒரு மாத்திரையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

உள்ளே போனோம். டாக்டரம்மாவிடம் அதை அந்த அம்மாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணனுக்கு எதிரே, மகனுக்கு எதிரே சொன்னார். கருப்பையா நாற்காலியில் உட்கார்ந்தார், அன்றைக்கு முதல் தடவையாக.

டாக்டரம்மா ஒன்றை மட்டும் தெளிவாக்கினார். “எறும்ப வச்சு நான் சர்க்கரைன்னு எழுத முடியாது. பரிசோதனை பண்ணாத நோய். ஆனா இருந்திருக்கலாம். ரெண்டும் உங்க அண்ணனுக்குச் சேந்தே வந்திருக்கலாம், மாத்திரை இல்லாமலே. உங்க மகனுக்கும் அதே வழியில கொஞ்சம் வந்திருக்கலாம், மாத்திரை கொஞ்சம் ஏத்திவிட்டிருக்கலாம். உங்க வாய்க்கு அம்புட்டுச் சக்தியெல்லாம் இல்லம்மா.”

“அப்ப என் ரத்தத்துல இருந்துதான் இவனுக்குப் போச்சா?” என்றார் பஞ்சவர்ணம்.

“இவன் சிரிப்பு யாரு சிரிப்பு?”

அந்த அம்மா மகனைப் பார்த்தார். “அச்சு அசல் சின்னண்ணே சிரிப்பு.”

“அது வந்த வழியிலதான் இதுவும் வந்திருக்கு. அதுக்கு உங்களக் குத்தம் சொல்ல முடியாதுன்னா, இதுக்கும் முடியாது.”

முத்துக்குமார் அதுவரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். “அப்ப நானும் மாமா மாதிரி போயிருவேனா?” என்றான். அறையில் இருந்த எல்லோரும் கேட்கப் பயந்த கேள்வி அது.

“உங்க மாமாவுக்கு மாத்திரை கெடைக்கல தம்பி. யாரும் கொடுக்கல, யாருக்கும் தெரியல. உனக்குக் கெடைச்சிருக்கு. உங்கம்மா பைக்குள்ளயே இருக்கு.”

அந்த அம்மா பையைத் திறக்க நேரமெடுத்தார். பூ பார்டர் போட்ட டப்பா வெளியே வந்தது. டாக்டரம்மா அதிலிருந்த பழைய மாத்திரையை எடுத்துவிட்டுப் புதியதை எழுதிக் கொடுத்தார். கீழே மருந்தகத்தில் வாங்கி வந்து அதே டப்பாவில் போட்டோம். அன்றைய வேளைக்கு உரியதை அவனே எடுத்து, என் மேசைத் தண்ணீரால் விழுங்கினான். பெரியவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. டப்பாவை வாங்கி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது வரவில்லை. “நல்லா ஒட்டிருக்கடா மாப்ள” என்றார்.

அவர்கள் கிளம்பும்போது வம்சாவளிப் படத்தைக் கையில் எடுத்தேன். சோலைமலையின் சதுரத்தில் இரண்டு பாதியிலும் கேள்விக்குறி வைத்தேன். பஞ்சவர்ணம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கோட்ட மட்டும் போட்டுராதீங்க தாயி.”

நான் கருப்பையாவைப் பார்த்தேன். கோடு போடச் சொன்னவர் அவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “ஒத்தக்கடைக்கு ஏன் வர மாட்டேங்கிறேன்னு கேக்குறாளே, இவளுக்கு இந்த வீடு தெரியும். சோலமலைக்கு ஊர் வீடுதானம்மா தெரியும்? வந்து பாத்தாப் பூட்டியா கெடக்கணும்?”

அத்தனை வருடமும் அண்ணனும் தங்கையும் ஒரே ஆளுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லாமல். பஞ்சவர்ணம் அண்ணன் தோளில் ஓர் அடி வைத்தார், பலமாகவே. “இத எங்கிட்டச் சொன்னா என்ன, வாயிலருந்து முத்தா உதிர்ந்துரும்?” என்று அழுதார்.

மத்தியானப் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததில் போனார்கள்.

வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் பழக்கம் விடவில்லை. சிம்மக்கல்லில் காய்கறி வாங்கப் போனாலும், வைகைப் பாலத்தடியில் படுத்திருக்கிறவர்களின் இடது புருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இப்போது இருந்தால் தாடி முழுக்க வெளுத்திருக்கும். முகம் தெரியாத ஒரு மனிதருக்காக இப்படி ஏங்குவேன் என்று இந்த வேலைக்கு வந்தபோது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முத்துக்குமார் நன்றாக இருக்கிறான். ஒரேயடியாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குரல்கள் எப்போதாவது வரும், “வந்துட்டுப் போறாங்க மேடம், டீ மட்டும் கொடுக்கிறதில்ல” என்பான். சர்க்கரை ஏறும், இறங்கும். இரண்டு மாத்திரையும் ஒரே டப்பாவில்தான். ஸ்டிக்கரை மாற்றிவிட்டான். இப்போது ‘முத்துக்குமார்’ என்று மட்டும் இருக்கிறது.

போன மாதம் பஞ்சவர்ணம் போனில் கூப்பிட்டார். கருப்பையா இறந்துவிட்டார். மாரடைப்பு. “இப்ப நான்தான் தாயி ஊர் வீட்டுல இருக்கேன். மகன் வாரத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போறான். வீட்டைப் பூட்டிப் போட முடியாதுல்ல” என்றார். பிறகு ஒரு படம் அனுப்பினார். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர், முத்துக்குமாரே வடிவமைத்தது. கருப்பையா வேட்டி சட்டையில் முறைத்துக்கொண்டிருக்கிறார். கீழே, துயரத்தில் வாடுவோர் பெயர்கள். முதல் பெயர்: தம்பி சோலைமலை. அதற்கு அடுத்துத்தான் தங்கை பஞ்சவர்ணம், மருமகன் முத்துக்குமார்.

“சொந்தக்காரங்க எல்லாம் கேட்டாங்க, செத்தவன் பேர ஏண்டா போட்டேன்னு. எங்க மாமா சாகலைன்னுட்டான் தாயி, எல்லார் முன்னாலயும்” என்றார். “வெளியூர் பஸ்ஸெல்லாம் அங்கனதான் நின்னு போகுது. எவனாச்சும் படிச்சுட்டுப் போய்ச் சொல்ல மாட்டானா?”

நம் படங்களையெல்லாம் நீங்கள் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அது ஒவ்வொருவருக்கும் கேட்குமாம். இந்தக் குடும்பத்தின் படம் வரும்போது உங்களுக்கே அடையாளம் தெரிந்துவிடும். மூத்த அண்ணனின் சதுரத்தில் கோடு போட்டுவிடுங்கள். பக்கத்துச் சதுரத்தைத் தொடாதீர்கள்.